வளைவுக்குப் பின்னால் வேகத்தடை

அறுபத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாக அம்மா சொன்னபோது, மகள் அதைத் தொழில் விஷயமாகவே எடுத்துக்கொண்டாள். கண்ணாடி போட்டால் தூரத்துப் பலகை தெரிகிறதா, முட்டி மடங்குகிறதா, யாராவது குறுக்கே வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அம்மா திருப்தியாகப் பதில் சொன்னாள். இந்த வயதில் எதற்கு என்ற கேள்விக்கு மட்டும், "பஸ்ல ஏறி இறங்க முட்டி ஒத்துழைக்கலை" என்றாள். முட்டி நன்றாக மடங்குகிறது என்று ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் சொல்லியிருந்தாள்.

மகள் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பதின்மூன்று வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறாள். அங்கே அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்ற பயிற்சியாளர்கள் நாலைந்து வகுப்பு முடிந்ததும் காலை மடக்கிக்கொண்டு போன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இவள் கடைசி நாள் வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாள். "ஆபத்து வரும் முன்பே மிதித்துவிடுகிறார், ஆபத்து என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாமல் போகிறது" என்று ஒரு மாணவர் புகார் எழுதிக் கொடுத்தார். முதலாளி அதைப் பாராட்டு என்று நினைத்து வரவேற்பறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

அவளுக்குப் பதினோரு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் விவாகரத்து செய்துகொண்டார்கள். அடிதடி இல்லை, குடி இல்லை, மூன்றாவது ஆள் இல்லை. சொந்தக்காரர்களுக்கே இதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்பாவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அம்மா ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். இனி சேர்ந்து வாழ முடியாது என்று அம்மா மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது அப்பா அதில் நான்கு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி அதே இடத்தில் வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை அப்படியே கோர்ட்டில் கொடுத்தார்கள். நீதிபதி அதிகம் கேள்வி கேட்கவில்லை.

வார நாட்களில் அம்மா வீடு, சனி ஞாயிறு அப்பா வீடு என்று ஏற்பாடு. பிள்ளைக்கு இரண்டு பல் துலக்கும் பிரஷ், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு தலையணை. அதோடு பேச்சும் இரண்டானது. அப்பா வீட்டில் சிரித்ததை அம்மா வீட்டில் சொன்னால் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகும். அம்மா புதுச் சட்டை வாங்கிக்கொடுத்தாள் என்றால் அப்பா மறுநாளே இன்னொரு சட்டை வாங்குவார். சட்டைகள் அலமாரியில் இடம் போதாமல் போனபோது, எதை எங்கே சொல்லக் கூடாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு வீட்டுச் செய்தி இன்னொரு வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. அவள் பேச்சைக் கேட்டால் அப்பாவுக்கு அம்மா செத்துப்போனவள் மாதிரி, அம்மாவுக்கு அப்பா பிறக்காதவர் மாதிரி.

வளர்ந்த பிறகும் இது மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்கு அம்மா வீட்டில் சாப்பிடுவாள். இரண்டு மணிக்கு அப்பா வீட்டில், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவளைப் போல் மறுபடி உட்காருவாள். கல்யாணம் காலையில் அம்மாவோடு ஒரு தடவையும் சாயங்காலம் அப்பாவோடு ஒரு தடவையும் நடந்தது. கணவர் பல் செட் செய்கிறவர். வேலை நேரம் முழுக்க மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்தோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்கமாட்டார். ஒரே நாளில் ஒரே பெண்ணை இரண்டு முறை கட்டச் சொன்னபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மதியச் சாப்பாட்டை மட்டும் மூன்றாவது மாதத்தில் தொழில்முறையாகத் தீர்த்துக்கொண்டார். மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவருக்குப் பல்வலி வந்துவிடும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவள் கணவரிடம் சொன்னது ஒன்றுதான்: "அம்மா பத்துலேர்ந்து பன்னெண்டு. அப்பா நாலுலேர்ந்து ஆறு. மாத்திடாதீங்க."

அம்மாவுக்குக் கார் நன்றாகவே வந்தது. நாற்பது வருஷம் நரம்பு தேடிய கை, கியரை ஒரு தடவையும் தவறவிடவில்லை. கிளட்சை விடும்போது மட்டும், "சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்று காரிடம் சொல்லுவாள்.

பதினான்காவது வகுப்பு அன்று வழக்கமான பாதையில் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்பா குடியிருக்கிறார். பிரேக் அக்கா அதைச் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அப்பா இங்கே குடிவந்ததையே அவள் அம்மாவிடம் சொன்னதில்லை.

பாலம் இறங்கியதும் சாலை இடது பக்கம் வளையும். வளைவை மறைத்துக்கொண்டு ஒரு பழைய கிடங்கின் மதில். மதில் முடிந்த கையோடு ஒரு வேகத்தடை. வண்ணம் பூசாதது, எச்சரிக்கைப் பலகை இல்லாதது. புதிதாக வருகிறவர்கள் யாரும் காரின் கூரையில் தலை இடிக்காமல் அதைத் தாண்டியதில்லை. பிரேக் அக்காவின் கால் தயாரானது. ஆனால் அம்மா வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு இறங்கி, காரை மெல்ல உருட்டிக்கொண்டுபோய், தூங்குகிற பிள்ளையைப் படுக்கையில் கிடத்துவது போல அந்த மேட்டில் ஏற்றி இறக்கினாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு மகள் கேட்டாள். "அங்க ஸ்பீட் பிரேக்கர் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"போர்டு பார்த்தேன்."

"அங்க போர்டு கிடையாதும்மா."

"வைக்கணும்ல. யாருக்காவது எழுதிப் போடு."

அடுத்த திருப்பத்தில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அம்மா ஒதுங்கி நிறுத்தினாள். நிறுத்திய இடம் அப்பாவின் குடியிருப்பு வாசல். நாற்காலியில் இருந்த வாட்ச்மேன் எழுந்து வந்து அம்மா பக்க ஜன்னலில் குனிந்தார்.

"என்ன மேடம், இன்னிக்கு நீங்களே ஓட்டிட்டு வந்துட்டீங்க. சார் மேலதான் இருக்காரு. லிப்ட் சரியாயிடுச்சு." அப்புறம்தான் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிற பொண்ணு. அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே பழக்கமா?"

"கொஞ்சம்" என்றாள் மகள்.

லாரி போய்விட்டது. அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, "வழி கிடைச்சுடுச்சு, கிளம்பட்டுமா?" என்றாள்.

"ஹேண்ட் பிரேக் போடு. இன்ஜினை நிறுத்து."

லிப்டில் இருவரும் எண்களைப் பார்த்துக்கொண்டே நான்காவது மாடிக்குப் போனார்கள். மணி அடித்ததும் அப்பா கதவைத் திறந்து, "சாவியை மறந்துட்டியா?" என்றார். பிறகு பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக மகளை "வாங்க" என்றார்.

உள்ளே மேஜையில் அம்மாவின் படிக்கிற கண்ணாடி இருந்தது. நாற்காலி முதுகில் அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டர். அம்மா சமையலறைக்குப் போய், டம்ளர் எங்கே என்று யாரையும் கேட்காமல், மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஓர் அறையில் இருந்தார்கள். யாருக்கும் தாகம் இல்லை.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் மகள்.

"அஞ்சு" என்றார் அப்பா. "உன் ஆபரேஷன் சமயத்துலேர்ந்து. அன்னிக்கு நான் ஒண்ணரைக்கே வந்துட்டேன். உங்கம்மா மருந்துக்கடையில நின்னு நேரமாயிடுச்சு. லிப்ட் திறந்தா ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நிக்கறோம். மேல வந்தா நீ பார்த்துடுவியேன்னு பயந்து கேன்டீன்ல போய் உட்கார்ந்தோம். ரெண்டு மணி நேரம். சும்மா எவ்வளவு நேரம் இருக்கிறது. பேச வேண்டியதாயிடுச்சு."

"நான் ஞாயித்துக்கிழமை வர்றப்ப ஒருநாள்கூட இந்த ஸ்வெட்டரைப் பார்த்ததில்லையே."

"சனிக்கிழமை எல்லாத்தையும் எடுத்து வாஷிங் மெஷினுக்குள்ள வெச்சிடுவோம்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அது அவ்வளவு நல்ல பதில் இல்லை என்று உணர்ந்தவள் போல டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

அப்பா மீதியையும் சொல்லிவிட்டார். ஆறு மாதமாகச் செய்தித்தாளில் வரிகள் நடுவில் வளைந்து தெரிந்தன. அச்சு சரியில்லை என்று நினைத்து அவர் பத்திரிகைக்கு இரண்டு கடிதம் எழுதினார். வாசல் நிலையும் வளைந்து தெரிந்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிறது, மாதம் ஒரு தடவை கண்ணில் ஊசி போட வேண்டும், இனி கார் ஓட்டக் கூடாது என்றார்கள். மகளிடம் சொன்னால் அன்றைக்கே லைசென்ஸைப் பிடுங்கிக்கொள்வாள். அம்மாவிடம் சொன்னார். அம்மா, "நான் ஓட்டறேன்" என்றாள். எப்படி ஓட்டுவது என்பதை அப்புறம் யோசித்தார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றார் அப்பா.

"உன் வீட்டுக்காரருக்கு மட்டும்" என்றாள் அம்மா. "இவருக்குப் பல் செட் அளவெடுக்கப் போனப்ப நானும் கூடப் போயிருந்தேன்."

மகள் எழுந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை. காலில் செருப்பை மாட்டும்போது அம்மா பின்னாலேயே வந்து, "நான் எப்படி வீட்டுக்குப் போறது?" என்றாள்.

"பஸ்ல" என்றாள் மகள்.

கணவர் அன்று சாயங்காலம் மேல்தாடைப் பல் செட் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டோடு இருந்த பட்டறையின் வாசலில் நின்று கேட்டாள். "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவர் தாடையைக் கீழே வைத்தார். "பேஷண்ட் விஷயம் வெளிய சொல்லக் கூடாது."

"நான் உங்க பொண்டாட்டி."

"தெரியும். மூணு வருஷமா கஷ்டமாத்தான் இருந்துது." பிறகு, அவரைப் பொறுத்தவரை மிக நீளமான ஒரு பேச்சைப் பேசினார்: "அன்னிக்கு மாமா நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு, அத்தை பக்கத்துலயே நின்னாங்க. நல்லா இருந்துது. உங்கிட்ட சொன்னா அது கெட்டுப்போயிடும்னு சொன்னாங்க. கெட்டுப்போயிடுமோன்னு எனக்கும் தோணிச்சு."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்தக் கோபத்தை எந்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது என்று தெரியவில்லை. அப்பாமேல் வந்த கோபத்தை அம்மா வீட்டில் விழுங்கியும், அம்மாமேல் வந்ததை அப்பா வீட்டில் விழுங்கியும் பழகியவள். இரண்டு பேர்மேலும் ஒரே நேரத்தில் கோபப்பட்டுப் பழக்கமே இல்லை. மூன்று வாரம் யார் வீட்டுக்கும் போகவில்லை. அம்மாவின் வகுப்புகளை வேறொரு பயிற்சியாளருக்கு மாற்றிவிட்டாள். அம்மாவும் அப்பாவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போன் செய்தார்கள். அவர்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிந்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

நான்காவது ஞாயிறு காலை பத்து மணிக்கு இருவரும் அவள் வீட்டு வாசலில் நின்றார்கள். பஸ்ஸில் வந்திருந்தார்கள். அப்பா இறங்கும்போது படியைச் சரியாகப் பார்க்காமல் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதை வாசலிலேயே துடைத்துவிட்டாள். கணவர் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்து, "பஞ்சு உள்ள இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சோபாவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிரில் உட்கார்ந்த மகளுக்கு, ஒரே சமயத்தில் இருவர் முகத்தையும் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நடுவில் இருந்த சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏழாவது படிக்கறப்ப நான் ஓட்டப்பந்தயத்துல பரிசு வாங்கினேன். பரிசு கொடுக்கற அன்னிக்கு அப்பா அம்மா வரணும்னு சீட்டு கொடுத்தாங்க. ரெண்டு பேரும் வந்தா சந்திச்சுக்குவீங்க. ஒருத்தரை மட்டும் கூப்பிட்டா இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுடும். அதனால அப்படி ஒரு விழாவே இல்லைன்னு ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன். பரிசு வாங்கறப்ப பக்கத்துப் பொண்ணோட அம்மா எனக்குக் கைதட்டினாங்க. அவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

அப்பா, "எத்தனாவது பரிசு?" என்றார்.

"ரெண்டாவது."

"நீ ஓடுவேன்னே எங்களுக்குத் தெரியாதே" என்றாள் அம்மா.

"ஒண்ணுமே தெரியாதும்மா. நான் சொன்னாத்தானே தெரியும். உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதிப் பொண்ணு. முழுசா ஒருத்தி இருக்கான்னு யாருக்கும் தெரியாது. அப்படிப் பார்த்துப் பார்த்து நடத்தினேன். நீங்க அந்த நேரத்துல கேன்டீன்ல உட்கார்ந்து பேசி முடிச்சிட்டீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. இவ்வளவு நல்லாப் பழக முடியும்னா எதுக்கு அன்னிக்குப் பிரிஞ்சீங்க?"

அவள் குரல் உயர்ந்திருந்தது. அதை அவளே கவனித்தாள். இந்த வீட்டில் அவள் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பட்டறைக்குள் மோட்டார் நின்றது.

அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "சேர்ந்து இருக்க முடியலை. அது நிஜம். இப்பவும் முடியாது. நான் என்ன எழுதினாலும் திருத்துவாரு. வாரத்துல ரெண்டு நாள் மத்தியானம் பேசறதுக்கு நல்ல மனுஷர். அதுக்குமேல தாங்காது."

"மளிகைச் சீட்டுல இப்பவும் தப்பு இருக்கு" என்றார் அப்பா. "நான் சொல்றதில்லை."

"உன்கிட்ட சொல்லணும்னு மாசாமாசம் பேசுவோம்" என்றாள் அம்மா. "நீ எல்லாத்தையும் அவ்வளவு ஒழுங்கா வெச்சிருந்தே. இது வேணும்னுதான் அப்படி வெச்சிருக்கேன்னு நினைச்சோம். கலைச்சா உனக்குப் பிடிக்காதோன்னு பயம். பெத்தவங்க பிள்ளைக்குப் பயப்படறது ஒண்ணும் பெருமை இல்லை. ஆனா பயந்தோம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு அந்தப் பரிசு விஷயம்..." என்று ஆரம்பித்தார். அவரால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. மற்றவர்களின் வாக்கியங்களைச் சரிசெய்தே வாழ்ந்த மனிதர், தன் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அம்மா தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காக இன்னும் கொஞ்சம் கோபமும் வந்தது.

"அப்பா, உங்க கார் சாவி" என்றாள் மகள், கையை நீட்டி.

அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதிர்பார்த்து வந்தவர் போலத்தான் இருந்தது.

மறுநாள் முதல் அம்மாவின் வகுப்புகளை அவளே மறுபடி எடுத்துக்கொண்டாள். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாற்றிக்கொடுத்த பயிற்சியாளர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வண்டியில் போகும்போது சில நாள் திடீரென்று பழைய ஞாபகம் ஒன்றைச் சொல்லி அம்மாவைத் திட்டுவாள். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம், சொல்லு" என்பாள். சிக்னல் வந்தால் திட்டு நிற்கும், பச்சை விழுந்ததும் தொடரும். முதல் டெஸ்ட்டில் அம்மா தோற்றாள். காரை ஓரமாக நிறுத்தச் சொன்ன அதிகாரியிடம், "பயப்படாதீங்க, நிறுத்திடுவேன்" என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை வாயைத் திறக்காமல் ஓட்டி ஜெயித்தாள்.

அப்பாவின் நான்காவது ஊசிக்கு அம்மா ஓட்டினாள். மகள் கூடப் போயே தீருவேன் என்று பின்சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் அவர்கள் இருவரும் வழியைப் பற்றி விவாதித்தார்கள். அப்பா கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத பலகைகளைப் படித்தார், அம்மா திருத்தினாள்.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியுடன் வந்திருப்பவர் பெயர், நோயாளிக்கு என்ன உறவு. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை எழுதிவிட்டு, உறவு என்ற இடத்தில் நிறுத்தினாள். "என்ன எழுதறது?" என்றாள் அப்பாவிடம். அப்பாவும் யோசித்தார். இருவரும் பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்கள். மகள் எதிர்ச் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தாள். அம்மா குனிந்து 'டிரைவர்' என்று எழுதினாள். அப்பா படிவத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தப்பு எதுவும் இல்லை என்றார்.

ஊசிக்கு அப்புறம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒருத்தர் கூட இருந்தால் போதும் என்று நர்ஸ் சொன்னார். மகள் இருவரையும் ஒரு தடவை பார்த்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார், அம்மா அவருடைய மருந்துச் சீட்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் கிளம்பறேன். பதினோரு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கு."

"சரி, போயிட்டு வா" என்றார்கள் இருவரும்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். மணி ஒன்பது நாற்பதுதான் ஆகியிருந்தது. பதினோரு மணி வரை போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை இருந்தது. சாலையைக் கடந்து போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னாள்.